நாய் உறங்க ஓர் இடம்

சென்ற ஆண்டு கத்தரி வெயில் நாட்களில் ஒரு பிற்பகல். ஆலங்குடிக்கு அருகே உள்ள எங்கள் கிராமத்து வீட்டில், விடுமுறைக்கு வந்திருந்த தங்கையின் பேரன் பந்தைத் துரத்திக்கொண்டு திண்ணையிலிருந்து குதித்தான். கீழே படியோரம் மணி உறங்கிக்கொண்டிருந்தது. குழந்தையின் கால் அதன் விலாவில் பட்டது. அடுத்த கணம் கணுக்காலில் பல் பதிந்துவிட்டது. எட்டு ஆண்டுகளாக யாரையும் கடித்தறியாத நாய் அது. கடித்த மறுநொடியே கடித்தது யாரை என்று அதற்குப் புரிந்திருக்க வேண்டும். காதை மடக்கிக்கொண்டு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் ஓடி ஒளிந்துகொண்டது.

காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவினோம். ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டுசென்று தடுப்பூசியைத் தொடங்கினோம். நாய்க்கு ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டிருந்தாலும், கடிபட்டவர் இதில் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. வீடு திரும்பியதும் தம்பி சொன்னது ஒன்றுதான்: “வண்டியில ஏத்திக் கொண்டுபோய் எங்கயாவது விட்டுட்டு வந்துர்றேன், அண்ணே. இனிமே அது வேணாம்.” என்னிடமும் அதற்கு மறுமொழி இல்லை.

அதற்கு முன் ஒருமுறை காட்டிவிடலாம் என்று கால்நடை மருத்துவரிடம் அழைத்துப்போனேன். அவர் பல்லையும் கண்ணையும் மூட்டுகளையும் பார்த்தார். முழங்கை முட்டுகளில் மயிர் உதிர்ந்து, தோல் தடித்துக் காய்த்திருந்ததைத் தடவிப் பார்த்தார். பிறகு கேட்டார்: “இது எங்கே தூங்கும்?”

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்து கேட்டேன்; எவருக்கும் தெரியவில்லை. அது என்ன தின்னும், எப்போது தின்னும், யாரைக் கண்டால் குரைக்கும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கே உறங்குகிறது என்பது மட்டும் தெரியவில்லை. உண்மையில் அதற்கென்று ஓரிடம் இல்லை. அன்றிலிருந்து நான் படித்தும் பார்த்தும் அறிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

நாயின் உறக்கம் நம் உறக்கத்தைப் போன்றதன்று. நாம் இரவில் ஒரே மூச்சாக ஏழெட்டு மணி நேரம் உறங்குகிறோம். நாயோ பகலிலும் இரவிலும் துண்டு துண்டாக உறங்கும். ஆஸ்திரேலியாவில் ஆடம்ஸ், ஜான்சன் என்ற இரு ஆய்வாளர்கள் வீட்டு நாய்களை இரவு முழுவதும் கவனித்து 1993-இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். சராசரியாகப் பதினாறு நிமிட உறக்கம், ஐந்து நிமிட விழிப்பு, மீண்டும் உறக்கம் என எட்டு மணி நேர இரவில் ஏறத்தாழ 23 முறை இந்தச் சுற்று நிகழ்கிறது. வளர்ந்த நாய் ஒரு நாளில் ஏறக்குறையப் பாதியை இப்படித்தான் உறங்கிக் கழிக்கிறது. குட்டிகளும் முதிய நாய்களும் இன்னும் கூடுதலாக உறங்கும். “எப்போது பார்த்தாலும் தூங்குகிறது” என்று நாம் அலுத்துக்கொள்வது, நாள் முழுவதும் தவணை முறையில் உறங்கும் ஓர் உயிரைத்தான்.

இந்தத் துண்டு உறக்கமே நாயைக் காவலுக்கு ஏற்றதாக ஆக்கியது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. மாண்ட வீரனுக்கு எடுத்த அந்தக் கல்லில் அவனுடைய நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்ற அதன் பெயரையும், கள்வர் இருவரைக் கடித்துக் காத்துநின்ற அதன் செயலையும் கல்வெட்டு பதிவுசெய்திருக்கிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே நாயின் விழிப்புக்கு நாம் கல் நட்டிருக்கிறோம். அந்த விழிப்புக்கு விலையாக அது கொடுக்கும் உறக்கத்தைப் பற்றித்தான் நினைத்துப் பார்க்கவில்லை.

நாய்க்கும் நம்மைப் போலவே ஆழ்ந்த உறக்கமும் கனவு உறக்கமும் உண்டு. கனவு உறக்கத்தில் மூடிய இமைக்குள் விழிகள் உருளும், மீசை துடிக்கும், பாதங்கள் ஓடுவதுபோல் அசையும், தொண்டைக்குள்ளேயே ஒரு குரைப்பு எழுந்து அடங்கும். பிரான்ஸின் லியோன் நகரில் மிஷெல் ழுவே என்ற ஆய்வாளர் 1959-இல் பூனைகளிடம் இந்த நிலையை ஆராய்ந்து, ‘முரண் உறக்கம்’ என்று அதற்குப் பெயரிட்டார். மூளை விழித்திருப்பதுபோல் இயங்க, உடலின் தசைகள் மட்டும் கட்டுண்டு தளர்ந்துகிடக்கும் நிலை அது. மூளைத்தண்டு இடும் அந்தக் கட்டு சற்று நெகிழும்போதுதான் கால்கள் துடிக்கின்றன. குட்டிகளிடமும் முதிய நாய்களிடமும் இந்தத் துடிப்பை அதிகம் காணலாம். இது நோயன்று; தட்டி எழுப்பத் தேவையில்லை. உடல் விறைத்து, சிறுநீர் பிரிந்து, பெயர் சொல்லி அழைத்தும் விழிக்காமல், பின்னர் எழுந்தபோது திசை தெரியாமல் தடுமாறினால் அது வலிப்பாக இருக்கலாம். உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மணி கடித்ததற்கான விடையும் இங்கேதான் இருக்கிறது. கனவு உறக்கத்திலிருந்து தொட்டு எழுப்பப்படும் நாய், தான் எங்கே இருக்கிறது என்று உணர்வதற்கு முன்பே பல்லால் பதில் சொல்லிவிடும். அது பகையன்று, விழிப்புக்கும் உணர்வுக்கும் இடையே உள்ள அந்த ஒரு கணத்தின் தற்காப்பு. உறக்கம் போதாத நாயிடமும், மூட்டுவலி உள்ள நாயிடமும் அந்தக் கணம் இன்னும் ஆபத்தானது. மணிக்கு இரண்டுமே இருந்தன.

உறக்கமின்மை எவ்வளவு கொடியது என்பதை உலகம் நாய்க்குட்டிகளிடமிருந்தே முதலில் அறிந்தது என்பது வருத்தமான செய்தி. ரஷ்யாவின் மரியா மனாசீனா 1894-இல் வெளியிட்ட சோதனை முடிவுகளின்படி, உணவு கொடுத்தும் உறங்கவிடாமல் வைத்திருந்த குட்டிகள் சில நாட்களிலேயே இறந்துபோயின. இன்றைய ஆய்வுகள் இந்தக் கொடுமையின்றி நடக்கின்றன. ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகர ஆய்வாளர்கள், நாயின் தலையில் சிறு மின்வாய்களை ஒட்டி, அது எசமானின் அருகில் இயல்பாக உறங்கும்போதே மூளை அலைகளைப் பதிவுசெய்கிறார்கள். அவர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று என்னைச் சற்று உலுக்கியது. உறங்கும் முன் கொஞ்சப்பட்ட நாய்களையும், தனியே கட்டிவைக்கப்பட்டு அச்சுறுத்தப்பட்ட நாய்களையும் ஒப்பிட்டார்கள். மனம் நொந்த நாய்கள் விரைவாகவே உறங்கிவிட்டன. ஆனால், அவற்றின் ஆழ்ந்த உறக்கம் குறைந்திருந்தது. மாலையில் நாம் ஓர் அதட்டல் போட்டதும் மூலையில் சுருண்டு உடனே கண்மூடும் நாயை ‘அடங்கிவிட்டது’ என்று எண்ணுகிறோம். அது அடங்கியதன்று என்று இந்த ஆய்வு சொல்கிறது.

இனி எங்கள் மாவட்டத்துக்கு வருகிறேன். புதுக்கோட்டை வறண்ட பூமி. கோடையில் பிற்பகல் வெயில் 38, 39 பாகையைச் சாதாரணமாகத் தொடும். நாயின் இயல்பான உடல் வெப்பமே ஏறத்தாழ அந்த அளவுதான். நம்மைப் போல் உடல் முழுதும் வியர்த்துக் குளிர அதற்கு வழியில்லை. வியர்வைச் சுரப்பிகள் முக்கியமாக உள்ளங்கால்களில்தான் இருக்கின்றன. நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பதே அதன் வழி. இரைத்துக்கொண்டே ஆழ்ந்து உறங்க முடியாது. மேலும், கனவு உறக்கத்தின்போது உடல் தன் வெப்பத்தைச் சீராக்கும் வேலையைப் பெரும்பாலும் நிறுத்திவைக்கிறது. ஆகவே, இடம் கொதிக்கும்போது முதலில் குறைவது அந்த உறக்கம்தான்.

ஒரு காலத்தில் இதற்கு விடை எங்கள் தோட்டத்திலேயே இருந்தது. மணி குட்டியாக வந்தபோது கொல்லையில் பெரிய பலாமரம் ஒன்று நின்றது. அதன் வேரடியில் மண்ணைப் பறித்துக் குழியாக்கி, அதில் வயிற்றை அழுத்திப் படுத்துக்கிடக்கும். மேல்மண் சுட்டாலும் ஒரு சாண் கீழே மண் குளிர்ந்திருக்கும் என்பது அதற்குத் தெரியும். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் பகுதியின் தென்னைகளையும் பலாக்களையும் வேரோடு சாய்த்தது. நாங்கள் இழந்த காய்ப்பைக் கணக்கிட்டோம். நிவாரணத்துக்கு மனு எழுதினோம். மரத்தடியில் படுத்திருந்த உயிரும் ஏதோ இழந்தது என்று யாருக்கும் தோன்றவில்லை. பிறகு கொல்லையில் தகரக் கொட்டகை போட்டோம்; தரைக்குச் சிமென்ட் பூசினோம்; நாயை அங்கே சங்கிலியில் கட்டினோம். அவிழ்த்துவிட்ட நேரங்களில் அது குழி பறித்தால், பூச்செடி பாழாகிறதென்று விரட்டினோம். ஜல்லிக்கட்டுக் காளைக்குக் கட்டுத்தறியில் மின்விசிறியும் கொசுவலையும் போடுகிற ஊர் எங்களுடையது. அதே கொட்டகையில் நாய் எப்படிப் படுத்திருக்கிறது என்று பார்க்க மட்டும் எங்களுக்கு நேரமில்லை.

மருத்துவர் சொன்ன மாற்றங்களில் பெரும் செலவுள்ளது எதுவுமில்லை. முதலாவது, இடம். முதுகுப்பக்கம் சுவரும், எதிரே வாசல் தெரியும் பார்வையும் இருந்தால் நாய் கவலையின்றிக் கண்மூடும். ஆனால், அது ஆட்கள் நடக்கும் வழியாக இருக்கக் கூடாது. பிற்பகல் வெயில் மேற்கிலிருந்து வருவதால், வீட்டுச் சுவரின் கிழக்குப் பக்கம் நிழலாக இருக்கும். தகரக் கூரைதான் உண்டென்றால், அதன்மேல் தென்னங்கீற்றைப் பரப்பினால் வெக்கை குறையும்.

இரண்டாவது, தரை. வெறும் சிமென்ட் கோடையில் சுடும், மழையில் குளிரும், முட்டுகளைக் காய்க்க வைக்கும். செங்கல் மேல் பலகை அடுக்கி அரையடி உயர்த்தினாலோ, பழைய கயிற்றுக் கட்டிலின் கால்களைக் குறைத்துப் போட்டாலோ கீழே காற்று ஓடும். மேலே மடித்த சாக்கோ பழைய புடவையோ போதும். அதை வாரம் ஒருமுறை துவைத்து வெயிலில் காயவைக்க வேண்டும். உண்ணிகள் துணியில் மட்டுமல்ல, சுவர் வெடிப்புகளிலும் ஒளிந்திருக்கும். அரிப்பெடுத்த நாய்க்கு உறக்கம் வராது. ஐப்பசி, கார்த்திகை மழையில் படுக்கை ஈரமாகாமல் பார்த்துக்கொள்வதும், மார்கழிப் பனியில் தடித்த சாக்கு ஒன்றைக் கூடுதலாக விரிப்பதும் அவசியம். கோடைப் பகலுக்கென்று மரநிழலில் நீர் தெளித்த மணற்குழி ஒன்றையும் விட்டுவைக்கலாம். பக்கத்தில் மண்சட்டியில் தண்ணீர் இருக்கட்டும்.

மூன்றாவது, அமைதியும் இருளும். வாசல் விளக்கு விடிய விடிய அதன் முகத்தில் எரிய வேண்டியதில்லை. திருவிழா ஒலிபெருக்கியையோ தீபாவளி வெடியையோ நம்மால் நிறுத்த முடியாது. அந்த இரவுகளில் வீட்டுக்குள் ஒரு மூலையைத் தரலாம். சங்கிலி தவிர்க்க முடியாததானால், நிழலுக்கும் நீருக்கும் படுக்கைக்கும் எட்டும் நீளமாவது வேண்டும். வெயில் நகரும்போது தானும் நகர முடியாத உயிருக்கு நாம் அமைத்த படுக்கையால் பயனில்லை.

நான்காவது நமக்கானது. உறங்கும் நாயைத் தொடக் கூடாது, தாண்டக் கூடாது, தள்ளி நின்று பெயர் சொல்லி அழைக்க வேண்டும் என்று குழந்தைகளுக்குச் சொல்லித்தர வேண்டும். பெயரில்லாத தெருநாயாக இருந்தால் விலகிச் செல்ல வேண்டும். நிறுத்திய காருக்கு அடியில் நிழல் தேடி நாய் படுத்திருக்கும். வண்டியை எடுக்கும் முன் ஒருமுறை குனிந்து பார்க்க வேண்டும். தில்லித் தெருநாய்கள் குறித்து 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் ஆணைகள் பிறப்பித்ததிலிருந்து நாடெங்கும் காப்பகம், கருத்தடை, தடுப்பூசி என்று விவாதிக்கிறோம். அவை யாவும் தேவையானவை. ஆனால், எல்லாக் கடிகளும் தெருவில் தொடங்குவதில்லை. சில, நம் வீட்டுப் படியோரத்தில், நாம் இடம் கொடுக்காத ஓர் உறக்கத்தில் தொடங்குகின்றன. அவற்றைத் தடுக்க எந்த ஆணையும் வேண்டியதில்லை.

மணியைத் தம்பி எங்கும் கொண்டுபோய் விடவில்லை. மாட்டுக் கொட்டகையின் கிழக்குச் சுவரோரம் பழைய கட்டில் ஒன்றை அவனே அறுத்துப் போட்டான். முதல் நான்கு நாட்கள் மணி அதை மோந்து பார்த்துவிட்டுப் பழைய சிமென்ட் தரைக்கே போனது. ஐந்தாம் நாள் ஏறி, மூன்று முறை சுற்றி, படுத்தது. மூட்டுவலிக்கு மருந்தும் கொடுத்துவருகிறோம். இந்தப் பொங்கலுக்கு வந்த பேரன் பத்தடி தள்ளி நின்று “மணி” என்று கூப்பிட்டான். அது கண் திறந்து, வாலை இரண்டு முறை கட்டிலில் தட்டிவிட்டு, மறுபடி கண்ணை மூடிக்கொண்டது. அவன் அருகே போகவில்லை; “தூங்குது தாத்தா” என்று மெல்லச் சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டான்.

உங்கள் வீட்டில் நாய் இருந்தால், இன்றிரவு விளக்கணைக்கும் முன் ஒருமுறை வெளியே வந்து, அது எங்கே படுத்திருக்கிறது என்று பாருங்கள்.