கிளமெண்டியில் கேட்ட சங்கராபரணம்

மாலை ஆறரை மணியானால் எங்கள் புளோக்கில் பியானோ கேட்கும். இரண்டு மாடி மேலே ஒரு சீனச் சிறுமி பழகுகிறாள். கை தடுமாறும் இடம் வந்ததும் நிறுத்துவாள். மறுபடி முதலிலிருந்து எடுப்பாள். கேட்டுக் கேட்டு எனக்கே அந்த மெட்டு மனப்பாடம். ஒருநாள் துணி காயப்போட்டுக்கொண்டே அதற்கு ஸ்வரம் போட்டுப் பார்த்தேன். ஸ க ஸ, பிறகு கீழே மந்தர பஞ்சமம் இரண்டு தடவை. சுத்தமான சங்கராபரண மேளம்! மின்தூக்கியில் அவள் அம்மாவைப் பார்த்தபோது, என்ன உருப்படி அது என்று விசாரித்தேன். கிளமெண்டியின் சோனாட்டினா என்றார்.

சிங்கப்பூரில் தினமும் நாங்கள் இறங்கும் எம்ஆர்டி நிலையத்தின் பெயரும் கிளமெண்டிதான். தற்செயல் இல்லை. முட்ஸியோ கிளமெண்டி 1752-ல் ரோமில் பிறந்து, சிறுவயதிலேயே இங்கிலாந்து போனவர். லண்டனில் பியானோ செய்து விற்றார், இசைநூல்கள் பதிப்பித்தார். 1781 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் வியன்னாவில் பேரரசர் இரண்டாம் ஜோசப் முன்னால் மொஸார்ட்டுடன் போட்டிக்கு உட்கார்ந்து வாசித்தார். 1797-ல் அவர் வெளியிட்ட ஆறு சோனாட்டினாக்கள் இன்றும் பியானோ மாணவர்களுக்கு, நமக்குப் பிள்ளையார் கீதம் போல. இங்கே ஆளுநர்களாக இருந்த சர் செசில் கிளமெண்டி ஸ்மித்தும் (1887–1893) சர் செசில் கிளமெண்டியும் (1930–1934) அவர் வழி வந்தவர்கள். ஊர்ப்பெயர் இந்த இருவரில் யாருடையது என்பதில் இரண்டு கருத்து உண்டு. யாருடையதானாலும் அது அந்தப் பியானோக்காரர் வீட்டுப் பெயர்தான்.

அன்றிலிருந்து ராத்திரியில் அவரைக் கேட்கத் தொடங்கினேன். மூன்றாவது சிம்பொனி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. மகா தேசியச் சிம்பொனி என்பார்கள். அரைகுறையாகக் கிடந்த கையெழுத்துப் படிகளை இருபதாம் நூற்றாண்டில் பியெட்ரோ ஸ்படா என்ற இத்தாலியர் ஒழுங்குபடுத்திக் கொடுத்ததால் நமக்குக் கிடைத்தது. பிரிட்டிஷ் அரச வாழ்த்தின் மெட்டு அதில் ஊடும் பாவுமாக வருகிறது. ஸ ஸ ரி நி ஸ ரி. என் காதில் ஒலித்ததோ அரச வாழ்த்து அல்ல. சிறுவயதில் பாட்டு டீச்சர் சொல்லிக்கொடுத்த ‘ஸந்ததம் பாஹிமாம்’!

முத்துஸ்வாமி தீட்சிதரின் நோட்டுஸ்வரம் அது. தீட்சிதர் குடும்பம் சென்னைக்கு வடக்கே மணலியில் முதலியார் ஆதரவில் இருந்த காலத்தில், வெள்ளைக்காரர் பாண்டு வாத்தியம் அவர்கள் காதில் விழுந்தது. தம்பி பாலுஸ்வாமி வயலினைக் கற்றுக்கொண்டு நம் கச்சேரிக்குக் கொண்டுவந்தார். அண்ணன் அந்த மெட்டுகளை எடுத்து, சம்ஸ்கிருத சாகித்யம் இட்டு, தெய்வங்களைப் பாடினார். ராஜாவுக்கான மெட்டு சியாமளைக்குப் போயிற்று. கிளமெண்டி 1832-ல் மறைந்தார், தீட்சிதர் 1835-ல் எட்டயபுரத்தில். ஒரே காலத்தில் வாழ்ந்த, ஒருவரை ஒருவர் அறியாத இரண்டு மேதைகள் ஒரே மெட்டைக் கையில் எடுத்திருக்கிறார்கள். இதை யாரிடமாவது சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

நோட்டுஸ்வரங்களைக் குழந்தைப் பாட்டு என்று ஒதுக்குகிறவர்கள் ஒன்று செய்து பார்க்க வேண்டும். அமெரிக்காவில் வாழும் கன்னிக்ஸ் கன்னிகேஸ்வரன் அவற்றைத் தொகுத்துப் பதிவு செய்திருக்கிறார். அதில் நாலைந்து கேளுங்கள். கையோடு செம்மங்குடி பாடிய ‘அக்ஷயலிங்க விபோ’வைப் போடுங்கள். கீழ்வேளூர்ச் சிவன்மேல் அதே தீட்சிதர், அதே சங்கராபரணத்தில், மிச்ர சாபுவில் செய்த கிருதி. அங்கே கோடு கிழித்த மாதிரி நேராக நின்ற ஸ்வரங்கள் இங்கே வளைந்து, குழைந்து, ஒன்றிலிருந்து ஒன்று முளைக்கின்றன. கமகம் இல்லாமலும் எழுதத் தெரிந்தவர், கமகத்தை எவ்வளவு தெரிந்தே இழைத்திருக்கிறார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

போன சனிக்கிழமை காலை, காப்பிக் கடையில் வழக்கமாக என் மேசைக்கு வரும் பெரியவருக்கு ‘ஸந்ததம் பாஹிமா’மைக் கைபேசியில் போட்டுக் காட்டினேன். எண்பதைத் தாண்டியவர். இரண்டாவது வரியிலேயே கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

“தம்பி, இது நாங்க பள்ளிக்கூடத்துல பாடினதாச்சே! முதல்ல ராஜாவுக்குப் பாடினோம், அப்புறம் ராணிக்கு.”

1959 டிசம்பரில் சுபிர் சயிதின் ‘மஜுலா சிங்கப்பூரா’ வரும்வரை இங்கே அதுதானே. அதே மெட்டில் அம்பாள் பாட்டு இருப்பது அவருக்குத் தெரியாது. இன்னொரு தடவை போடச் சொன்னார். விரலால் மேசையில் மூன்று மூன்றாகத் தட்டினார். காப்பி ஆறிப்போனது.

“நீங்க இப்ப என்ன கேக்குறீங்க ஐயா?”

“ராஜரத்தினம் தோடிதான். பேரன் போன்ல ஏத்திக் கொடுத்தான். நீ கேட்டதில்லையா? முதல்ல அதைக் கேட்டுட்டு வா.”

ராஜரத்தினத்தின் நாதஸ்வரத்தைக் கேட்டிருக்கிறேன், இப்படி உட்கார்ந்து கேட்டதில்லை. நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியின் கைவண்ணத்தில் உருவான பாரி நாயனத்தின் தாழ்ந்த குரல், ஜன்னலை மூடி, மின்விசிறியையும் நிறுத்திய அறையில். மூன்று ராத்திரியாக அந்தக் காந்தாரத்தைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை. ஓர் இடத்தில் நிற்பது போல இருக்கிறது, நிற்கவில்லை. அசைவு எங்கே தொடங்குகிறது என்று பிடிக்கப் போனால் அதற்குள் அடுத்த பிடி வந்துவிடுகிறது. சனிக்கிழமை பெரியவரிடம் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.