கார்களில் நைட்ரஸ் ஆக்சைடு: சில தவறான எண்ணங்கள்

நைட்ரஸ் ஆக்சைடு என்பது இரண்டு நைட்ரஜன் அணுக்களும் ஓர் ஆக்சிஜன் அணுவும் சேர்ந்த நிறமற்ற வாயு. மருத்துவத்தில் வலி குறைக்கப் பயன்படும் 'சிரிப்பூட்டும் வாயு' இதுவே. கார் எஞ்சினின் திறனைச் சில நொடிகளுக்குக் கூட்டவும் இது பயன்படுகிறது. 2001-இல் வெளிவந்த 'தி ஃபாஸ்ட் அண்ட் தி ஃபியூரியஸ்' திரைப்படம் இதை இளைஞர்களிடையே பிரபலமாக்கியது. கூடவே சில தவறான எண்ணங்களும் பரவின.

இதை ஓர் எரிபொருள் என்று நினைப்பதே அவற்றுள் முதன்மையானது. நைட்ரஸ் ஆக்சைடு எரியாது. எரிவதற்குத் துணை செய்யும். கொல்லர் உலையில் துருத்தி ஊதும்போது எரிவது கரிதானே தவிர காற்றல்ல, இங்கும் அப்படித்தான். எஞ்சினின் வெப்பத்தில் இவ்வாயு நைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிகிறது. காற்றில் எடையளவில் ஆக்சிஜன் சுமார் 23 சதவீதம். இதில் 36 சதவீதம். எனவே அதிக பெட்ரோலை எரிக்க முடிகிறது. கூடுதல் திறன் அந்தப் பெட்ரோலிலிருந்தே வருகிறது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் போர் விமானங்கள் காற்று மெலிந்த உயரங்களில் இதைப் பயன்படுத்தியதும் ஆக்சிஜனுக்காகவே.

'எஞ்சினைக் கெடுத்துவிடும்' என்பது பாதி உண்மை. வாயுவுக்கு ஏற்ற அளவு பெட்ரோல் சேராவிட்டால் வெப்பம் மிகுந்து, எரிதல் கட்டுப்பாடின்றி நிகழ்ந்து, பிஸ்டன் உருகிப்போகலாம். பெட்ரோல் சரியாகச் சேர்ந்தாலும், தாங்கும் வலிமையை மீறிய திறன் பாகங்களை உடைக்கும்.

பெட்ரோல் பங்குகளில் டயருக்கு அடைக்கும் நைட்ரஜனும், சில வகை டிராக் பந்தயக் கார்கள் எரிக்கும் நைட்ரோமீத்தேனும் வேறு பொருள்கள். பந்தயக் கார்கள் எல்லாம் நைட்ரஸ் பயன்படுத்துகின்றன என்பதும் தவறு. ஃபார்முலா 1 போட்டியில் எரிபொருளோடு காற்றை மட்டுமே கலக்கலாம்.

ராணிப்பேட்டை, வேலூர் பகுதியினர் குறிப்பாக அறிய வேண்டியது வெயிலைப் பற்றியது. சிலிண்டரில் இவ்வாயு அழுத்தத்தால் திரவமாக இருக்கிறது. 20 டிகிரி செல்சியஸிலேயே உள்ளழுத்தம் வளிமண்டல அழுத்தத்தைப்போல் சுமார் 50 மடங்கு. 36.4 டிகிரிக்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாக நிற்காது. நிரம்பிய சிலிண்டரில் அழுத்தம் வேகமாக ஏறும். இங்கே கோடையில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டுவதுண்டு. வெயிலில் நிறுத்திப் பூட்டிய காருக்குள் இன்னும் அதிகம். அழுத்தம் எல்லை மீறினால் பாதுகாப்புத் தகடு கிழிந்து வாயு பீறிட்டு வெளியேறும். தகடு இல்லாத, அல்லது தகடு பழுதான சிலிண்டர் வெடிக்கும். 'எரியாத வாயுதானே' என்று சிலிண்டரைத் தீயில் காட்டிச் சூடாக்குவது உயிருக்கே ஆபத்து.

கார்களுக்கான நைட்ரஸில் யாரும் முகரக்கூடாது என்பதற்காகக் கந்தக டைஆக்சைடு சிறிதளவு சேர்ப்பதுண்டு. ஆக்சிஜன் கலக்காமல் முகர்ந்தால் மூச்சடைத்து இறக்க நேரிடலாம். தொடர்ந்து முகர்வோருக்கு உடலில் வைட்டமின் பி12 செயலிழந்து நரம்புகள் பாதிக்கப்படும்.

சட்டமும் உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளரின் விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. பொது இடத்தில் அனுமதியின்றிப் பந்தயம் ஓட்டுவது 189-ஆம் பிரிவின்படி குற்றம். ராணிப்பேட்டை மாவட்டத்தின் வழியே செல்லும் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலைக்கும் இது பொருந்தும். பந்தயத்துக்கென அதே நெடுஞ்சாலையையொட்டி, ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில், தனி ஓடுதளமே இருக்கிறது.