ஓடாது நிற்கும் உழவு இயந்திரமும் எண்ணெய் மாற்றமும்



கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய பகுதிகளில் 'லேண்ட்மாஸ்டர்' என்ற சொல்லை அறியாதார் இலர். 1950களில் இங்கிலாந்துக் கம்பனியொன்று செய்து அனுப்பிய கை உழவு இயந்திரத்தின் பெயர் அது. அவ்வியந்திரத்தை நெல் வயலுக்கு ஏற்றதாக அமைத்ததில் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தனவுக்கும் பங்குண்டு. பின்னர் ஜப்பானிய இயந்திரங்களும் சீன இயந்திரங்களும் வந்தபோதிலும், இருசில்லு உழவு இயந்திரம் எதுவாயினும் நமது மக்கள் அதனை லேண்ட்மாஸ்டர் என்றே அழைக்கின்றனர்.

முன்னர் இவ்வியந்திரம் ஆண்டு முழுவதும் உழைத்தது. உழவும் சேறடிப்பும் முடிந்தால் சூடடிப்பு. அது முடிந்தால் நெல்லும் வைக்கோலும் ஏற்றுதல். இன்று பெரிய உழவு இயந்திரங்களும் அறுவடை இயந்திரங்களும் அவ்வேலைகளிற் பெரும்பகுதியைச் செய்துவிடுகின்றன. ஆதலால் பல வீடுகளில் லேண்ட்மாஸ்டர் ஒரு போகத்தில் சில நாட்களே ஓடி, ஏனைய மாதங்களில் கொட்டிலில் நிற்கின்றது. தோட்டக்காரரின் நீரிறைக்கும் இயந்திரமும் மாரி காலத்தில் அவ்வாறே நிற்கின்றது.

"ஓடவில்லையே, எண்ணெய் புதிதாகத்தானே இருக்கும்" என்று பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் தவறானது. எண்ணெய் ஓட்டத்தாலும் பழுதடையும், காலத்தாலும் பழுதடையும். இதனை விளக்குவதே இப்பிரசுரத்தின் நோக்கமாகும்.

எண்ணெய் ஏன் பழுதடைகின்றது?

ஒரு லீற்றர் டீசல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் உண்டாகின்றது. இதனைக் கேட்போர் வியப்படைவர். ஆயினும் உண்மை இதுவே. அந்நீரிற் பெரும்பகுதி ஆவியாகிப் புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே இறங்கி, எண்ணெய் நிற்கும் தொட்டியை அடையும். இயந்திரம் நன்றாகச் சூடேறி வேலை செய்யும்போது இந்த ஆவி அங்கு தங்காது போய்விடும். சூடேறுமுன் நிறுத்தப்படும் இயந்திரத்திலோ அது குளிர்ந்து நீராகி எண்ணெயுடன் கலந்துவிடும்.

டீசலிற் சிறிதளவு கந்தகமும் உண்டு. அது எரிந்து உண்டாகும் வாயு நீருடன் சேர்ந்து அமிலமாகின்றது. இவ்வமிலத்தை அடக்குவதற்கென எண்ணெய்க்குள் மருந்துகள் சேர்க்கப்பட்டுள்ளன. எண்ணெய் பழையதாக ஆக அம்மருந்துகளின் வலு குறையும். அதன்பின் அமிலம், தண்டைத் தாங்கிநிற்கும் 'பெயரிங்' முதலிய உறுப்புக்களை மெல்ல மெல்ல அரிக்கும். இயந்திரம் நின்றாலும் இவ்வரிப்பு நிற்பதில்லை.

நமது கரையோரத்திற்கு இன்னொரு இடரும் உண்டு. கடற்காற்று உப்பும் ஈரமும் கொண்டது. நாட்கள் செல்லச் செல்ல உருளையின் உட்சுவரில் ஒட்டியிருந்த எண்ணெய் வழிந்து கீழிறங்கிவிடும். அதன்பின் அச்சுவரில் துரு ஏறும். அத்துருவுடன் இயந்திரத்தை இயக்கினால் பிஸ்டன் வளையங்கள் தேயும்.

இதனை எழுதுபவனும் ஒருமுறை தவறியவனே. விவசாயப் பாடசாலையிற் கற்ற பாடம் மனத்தில் இருந்தும், வீட்டுக் கத்தரித் தோட்டத்தில் இருந்த சிறு டீசல் இயந்திரத்தை மாரி தொடங்கியதும் பழைய எண்ணெயுடன் மூடிவைத்தேன். ஐந்து மாதங்களின் பின்னர் அளவுகோலை உருவிப் பார்த்தபோது எண்ணெய் பால் தேநீரின் நிறத்தில் இருந்தது. கழற்றிப் பார்த்ததில் பெயரிங் அரிபட்டிருந்தது. சில லீற்றர் எண்ணெயை மிச்சம் பிடித்ததற்காக, அவ்வாண்டுக் கத்தரிக்காயிற் கண்ட இலாபம் முழுவதையும் திருத்தச் செலவுக்குக் கொடுத்தேன்.

ஐந்து நிமிட ஓட்டம் நன்மை தராது

நிற்கும் இயந்திரத்தை வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் இயக்கிவிட்டால் போதும் என்பர் சிலர். 2022ஆம் ஆண்டு எரிபொருள் தட்டுப்பாட்டின்போது, யூன் மாத இறுதியில் ஒரு லீற்றர் டீசல் 460 ரூபாவாக உயர்ந்தது. அவ்வேளையில் இரண்டு நிமிடம் மட்டும் இயக்கிப் பார்த்து நிறுத்தியோர் பலர். குளிர்ந்த இயந்திரத்தைச் சிறிது நேரம் இயக்கி நிறுத்துவதால், நீர் உண்டாகுமேயன்றி அது வெளியேறுவதில்லை. இயக்குவதாயின் இருபது முதல் முப்பது நிமிடங்கள், முடிந்தால் பாரத்துடன், நன்றாகச் சூடேறும்வரை இயக்குங்கள். அதற்கு வசதியில்லையாயின் இயக்காமலே விடுங்கள். அவ்வாறு விடும் இயந்திரத்தை, டீசலை அடைத்து, அமுக்கம் நீக்கும் நெம்பைப் பிடித்துக்கொண்டு, மாதம் ஒருமுறை கையாற் சில சுற்றுச் சுற்றிவிடுதல் நன்று.

எப்போது மாற்றுவது?

உங்கள் இயந்திரத்துடன் வந்த கைந்நூலிற் குறிக்கப்பட்ட மணித்தியாலக் கணக்கையே பின்பற்றுங்கள். கைந்நூல் இல்லையாயின், ஒற்றை உருளை டீசல் இயந்திரத்துக்கு 100 மணித்தியாலத்துக்கு ஒருமுறை எனக் கொள்ளலாம். புதிய இயந்திரத்துக்கு முதல் மாற்றம் இதற்கு முன்னரே செய்யப்படல் வேண்டும். மணி காட்டும் கருவி இல்லாதவர்கள் டீசலைக் கொண்டு கணக்கிடலாம். லேண்ட்மாஸ்டர் வேலை செய்யும்போது மணிக்கு ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை லீற்றர் டீசல் செலவாகும். ஆகவே 100 லீற்றர் டீசல் ஊற்றியதும் எண்ணெயை மாற்றும் எண்ணம் வரவேண்டும்.

ஆயின் 100 மணித்தியாலம் ஓடாவிட்டாலும், ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாற்றியே ஆகவேண்டும். எம்மாதத்தில் மாற்றுவது என்பதும் முக்கியம். பலர் வேலை தொடங்கும் நாளில் மாற்றுகின்றனர். வேலை முடிந்து நிறுத்தும் நாளில் மாற்றுவதே சிறந்தது. ஏனெனில் அமிலமும் நீரும் கலந்த எண்ணெய் மாதக்கணக்காக உள்ளே கிடப்பதே கேடு. பெரும்போக உழவு முடிந்து மழை வலுக்கும் கார்த்திகையளவில் ஒரு மாற்றமும், சிறுபோக உழவு முடிந்ததும் இன்னொரு மாற்றமும் செய்தல் மிக நன்று. ஒன்றுதான் இயலுமெனின் மாரிக்கு முன்னுள்ள மாற்றத்தைச் செய்யுங்கள்.

நிறத்தைக் கொண்டு மட்டும் முடிவு செய்யாதீர்கள். டீசல் இயந்திரத்தின் எண்ணெய் சில மணித்தியாலங்களிலேயே கரியால் கறுக்கும், அது குற்றமன்று. பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் நீர் கலந்துள்ளது என்று அறிந்து, அவ்வியந்திரத்தை இயக்காது உடனே எண்ணெயை மாற்றுங்கள். மாற்றிய பின்னும் மீண்டும் வெளுத்தால் திருத்துநரிடம் காட்டுங்கள். சேற்றில் உழுத இயந்திரத்தின் கியர்ப் பெட்டிக்குள்ளும் அச்சின் வழியே நீர் புகுவதுண்டு. அவ்வெண்ணெயையும் இவ்வாறே சோதித்தல் வேண்டும்.

மாற்றும் முறை

1. இயந்திரத்தைச் சிறிது வேலை செய்யவிட்டுச் சூடேற்றுங்கள். சூடான எண்ணெய் அடியிற் படிந்த அழுக்கையும் கொண்டு இறங்கும். கை சுடாதபடி கவனமாயிருங்கள்.

2. சமநிலத்தில் நிறுத்தி, கீழே பாத்திரம் வைத்து, அடி ஆணியைக் கழற்றி, சொட்டு நிற்கும்வரை வடியவிடுங்கள்.

3. கம்பிவலை வடிகட்டியாயின் மண்ணெண்ணெயிற் கழுவி உலர்த்திப் பூட்டுங்கள். நான்குசில்லு உழவு இயந்திரத்தில் உள்ளது போன்ற கடதாசி வடிகட்டியாயின், அதனைக் கழுவாது புதியதொன்றை மாற்றுங்கள். அதன் இறப்பர் வளையத்தில் எண்ணெய் தடவிக் கையாலேயே இறுக்குதல் வேண்டும். பழைய வடிகட்டியில் அழுக்கெண்ணெய் தேங்கிநிற்கும். அதனை விட்டுவிட்டுப் புதிய எண்ணெய் ஊற்றுவது, கழுவாத குடத்தில் நல்ல நீர் மொள்வது போலாகும்.

4. அடி ஆணியைப் பூட்டி, கைந்நூலிற் கூறிய தரத்து டீசல் இயந்திர எண்ணெயை அளவுகோலின் மேற்கோடு வரை ஊற்றுங்கள். மேற்கோட்டைக் கடந்தாலும் தீமையே.

5. இரண்டு மூன்று நிமிடம் இயக்கி, நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து அளவை மீண்டும் பாருங்கள். குறைந்ததை நிரப்புங்கள்.

6. மாற்றிய திகதியைக் கொப்பியில் எழுதி வையுங்கள்.

ஏனைய வடிகட்டிகள்

காற்று வடிகட்டியின் அடிக்கிண்ணத்தில் எண்ணெய் இருப்பின், அதனையும் கொட்டி, சேற்றைக் கழுவி, புதிய எண்ணெய் விடுங்கள். டீசல் வடிகட்டியின் கிண்ணத்தில் நீர் தேங்கியிருந்தால் வடித்துவிடுங்கள். பாதி நிரம்பிய தாங்கியில் இரவுக் குளிரினால் ஈரம் நீராகப் படியும். ஆதலால் டீசல் தாங்கியை நிரப்பியே இயந்திரத்தை நிறுத்துங்கள். பெற்றோல் அல்லது மண்ணெண்ணெயில் ஓடும் சிறு நீரிறைக்கும் இயந்திரத்துக்கு இதற்கு மாறாக, எரிபொருளை முழுவதும் வடித்துவிடுதல் வேண்டும். இல்லையேல் அது கெட்டிப்பட்டுச் சிறு துளைகளை அடைக்கும்.

நிறுத்தி வைக்கும் இடம்

சேற்றைக் கழுவி உலர்ந்த பின், கூரையின் கீழ்ப் பலகைமீது நிறுத்துங்கள். பொலித்தீனால் இறுகச் சுற்றாதீர்கள். ஈரம் உள்ளே அடைபடும். கையாற் சுற்றும்போது பாரமாகத் தடுக்கும் நிலையில் விட்டால், இரு வால்வுகளும் மூடி ஈரக்காற்று உருளைக்குள் புகாது. புகைக்குழாயின் வாயைச் சிரட்டையால் மூடலாம்; இயக்குமுன் அதனை எடுக்க மறவாதீர்கள்.

கழிவெண்ணெயை வாய்க்காலிலோ நிலத்திலோ ஊற்றாதீர்கள். நமது கரையோர மணலில் நிலத்தடி நீர் அதிக ஆழத்தில் இல்லை. இன்று மணலில் ஊற்றிய எண்ணெய் நாளை உங்கள் கிணற்றிற் காணப்படலாம். கலனில் அடைத்து, வாகனத் திருத்துமிடத்தில் ஒப்படையுங்கள்.

முடிவுரை

சிறுபோகத்துக்குச் சேனநாயக்க சமுத்திரத்தின் நீர் திறக்கப்படும் நாளும், விதைப்பு முடிக்கவேண்டிய நாளும் ஆரம்பக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படுகின்றன. அந்நாட்கள் உங்கள் இயந்திரத்தின் பழுதுக்காகக் காத்திருப்பதில்லை. வட்டையிலுள்ள இயந்திரங்கள் யாவும் உழுதுகொண்டிருக்கும் வேளையில் வாடகைக்கு ஒன்று கிடைப்பதும் அரிது. விதைப்பிற் பிந்திய வயல், கதிர் பால் பிடிக்கும் காலத்தில் வாய்க்கால் வற்றுவதைக் காணும். சில லீற்றர் எண்ணெயும் ஒரு வடிகட்டியும் அரை நாள் வேலையும் இவ்விழப்பைத் தடுக்க வல்லன.

ஆகவே, இப்போகத்தின் உழவு முடியும் நாளிலேயே எண்ணெயை மாற்றி, திகதியை எழுதி, இயந்திரத்தை ஓய்வுக்கு விடுங்கள். ஐயம் உள்ளவர்கள் தத்தம் கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைக் கண்டு கேட்டறிவார்களாக.