ஊரடங்கில் மனம் பட்ட பாடு

கொள்ளைநோயைத் தடுக்கப் பிறப்பிக்கப்படும் ஊரடங்கு, வேலை, கூலி, பள்ளிக்கூடம், கோயில், டீக்கடைப் பேச்சு என ஒருவரின் அன்றாடத்தைத் தாங்கும் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்திவிடுகிறது. கொரோனா பரவியபோது, 2020 மார்ச் 24 மாலை தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. அன்றிரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் தோன்றி, நள்ளிரவு முதல் நாடு முழுவதும் 21 நாள் ஊரடங்கு என்றார். அந்த 21 நாள் மே 3, மே 17, மே 31 என்று தள்ளிக்கொண்டே போனது. கெடு தெரிந்த துன்பத்தை மனம் எப்படியோ தாங்கிக்கொள்ளும். கெடு நகர்ந்துகொண்டே இருந்தால் தவித்துப்போகும்.

இது முன்பே தெரிந்த விஷயம்தான். சார்ஸ், எபோலா போன்ற நோய்களின்போது தனிமைப்படுத்தப்பட்டவர்களைப் பற்றிய 24 ஆய்வுகளை லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் அலசி, 2020 பிப்ரவரியில் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டிருந்தார்கள். தனிமை நீள்வது, தொற்று பயம், சலிப்பு, பொருள்கள் கிடைக்காமை, தெளிவில்லாத தகவல், வருமான இழப்பு, அக்கம்பக்கத்தார் ஒதுக்குவது ஆகியவையே மனதை வருத்துகின்றன என்றது அக்கட்டுரை. இவற்றில் பல, மருத்துவரின் கையில் இல்லாதவை. ஆனால் ஊரடங்கு நாட்களில் வாட்ஸ்அப்பில் வலம்வந்த யோசனைகளோ மூச்சுப்பயிற்சி, புதுச் சமையல், பழைய படங்கள் என்றே இருந்தன. சலிப்பு, மாதச் சம்பளம் தவறாமல் வந்தவர்களின் கவலை. கட்டடத் தொழிலாளிக்கும் வீட்டுவேலை செய்யும் பெண்ணுக்கும் கவலை வாடகையும் அரிசியும்தான்.

பயம், எரிச்சல், தூக்கக் குறைவு ஆகியவை இப்படிப்பட்ட நேரத்தில் யாருக்கும் வரக்கூடியவை. பெரும்பாலும் நிலைமை சீரானதும் தாமாகத் தணிந்துவிடும். எதிலும் ஆர்வமின்மை, பசியின்மை, தன்மேலேயே வெறுப்பு போன்றவை இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்க நீடித்து, அன்றாட வேலைக்கே தடையானால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம், சிகிச்சை தேவை. பெருந்தொற்றின் முதல் ஆண்டில் மனச்சோர்வும் பதற்ற நோயும் உலக அளவில் சுமார் 25 சதவீதம் கூடியதாகவும், பெண்களும் இளைஞர்களும் கூடுதலாகப் பாதிக்கப்பட்டதாகவும் உலக சுகாதார நிறுவனம் 2022இல் கணக்கிட்டது.

தமிழ்நாட்டில் ஊரடங்கு வெளிக்கொண்டுவந்த இன்னொரு பிரச்சினை குடி. மார்ச் 24 மாலையே டாஸ்மாக் மதுக்கடைகள் மூடப்பட்டன. நாள்தோறும் நிறையக் குடித்துப் பழகிய உடல், மது திடீரென நின்றால் ஓரிரு நாளிலேயே கைநடுக்கம், வியர்வை, வாந்தி, தூக்கமின்மை என்று தடுமாறும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டு மூன்று நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரியும், ஆள் அடையாளம் குழம்பும், உயிருக்கே ஆபத்தாகும். மருத்துவக் கண்காணிப்பில் மாத்திரை கொடுத்துப் படிப்படியாக மீட்க வேண்டிய நிலை இது. வீட்டாரோ இதைப் பேய்க்கோளாறு என்றோ வீம்பு என்றோ எடுத்துக்கொள்வது உண்டு. வார்னிஷ் போன்றவற்றைக் குடித்துச் சிலர் உயிரிழந்தனர். கேரளத்தில் மருத்துவர் சீட்டு இருந்தால் மது தரலாம் என அரசு உத்தரவிட, மருத்துவர்கள் எதிர்த்தார்கள். ஏப்ரல் 2இல் உயர் நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. தமிழ்நாட்டில் மே 7 அன்று சென்னை தவிர்த்த இடங்களில் கடைகள் திறந்தபோது கூட்டம் அலைமோதியது. மறுநாளே உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது. உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைக்க, மே 16இல் மீண்டும் திறந்தன. கடையைத் திறப்பதா மூடுவதா என்று நடந்த வாதத்தில் பாதியளவுகூடக் குடிநோய் சிகிச்சையைப் பற்றி நடக்கவில்லை.

வன்முறை நடக்கும் வீட்டில் ஊரடங்கு என்பது அடிப்பவரோடு அடைந்து கிடப்பது. போனில் பேசி உதவி கேட்கக்கூடத் தனி இடம் கிடையாது. அதனால்தான் தேசிய மகளிர் ஆணையம் 2020 ஏப்ரலில் வாட்ஸ்அப் வழியாகப் புகார் பெறத் தொடங்கியது.

தொற்று வந்தவர்களுக்கு நோயைவிட ஊர்ப்பேச்சு பெரிதாக வலித்தது. வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டுவதும், தெருவைத் தகரம் வைத்து அடைப்பதும் அடையாளக் குறியாகிப்போயின. 2020 ஏப்ரலில் தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலைப் புதைக்கவிடாமல் சென்னையில் ஒரு கூட்டம் கல்லெறிந்தது. இதைப் பார்த்தவர்களில் காய்ச்சலை மறைத்தவர்கள் எத்தனை பேரோ.

தற்கொலைப் புள்ளிவிவரங்களைக் கவனமாகவே படிக்க வேண்டும். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி இந்தியாவில் 2019இல் 1,39,123 பேரும் 2020இல் 1,53,052 பேரும் தற்கொலையால் இறந்தனர். 2020இல் இறந்தவர்களில் கிட்டத்தட்ட நால்வரில் ஒருவர் தினக்கூலித் தொழிலாளி. எல்லாவற்றுக்கும் ஊரடங்கே காரணம் என்று சொல்லிவிட முடியாது. 21 நாடுகளின் தரவுகளை ஆராய்ந்த ஒரு பன்னாட்டு ஆய்வில், பெருந்தொற்றின் முதல் சில மாதங்களில் பெரும்பாலான இடங்களில் தற்கொலை கூடவில்லை. அவை பெரும்பாலும் வசதியான நாடுகள். வேலையிழந்தவர்களுக்குப் பணம் கொடுத்த அரசுகள் அங்கே பல.

மனநல மருத்துவர்கள் குறைவாக உள்ள இந்தியாவில் தொலைபேசி ஓரளவு கைகொடுத்தது. ஊரடங்கு தொடங்கிய அதே மார்ச் 25 அன்று தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் வெளியாயின. பெங்களூருவின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் உதவி எண்ணைத் தொடங்கியது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட 'டெலி மானஸ்' சேவையின் 14416 என்ற இலவச எண்ணில் இப்போது இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.