மீட்டரில் காத்து இருக்கு... சக்கரத்தில் பிரேக் இருக்கா?

பழைய லாரிகளில் தினமும் பார்க்க வேண்டியது என்ன?

சிக்னலில் பச்சை விழுந்ததும் பக்கத்தில் நிற்கிற லாரி "புஸ்ஸ்..." என்று பெருமூச்சு விடும். சைக்கிளில் போகிறவர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்ப்பார். டயர் போய்விட்டதோ என்று கூட நினைப்பார்.

அது டயர் அல்ல. பிரேக்கைப் பிடித்துக்கொண்டிருந்த காற்று வெளியே போகிற சத்தம்.

10 டன் லோடு ஏற்றிய வண்டியை ஒரு மனுஷனின் கால் பலத்தால் நிறுத்த முடியாது. டிரைவரின் கால் ஒரு வால்வை மட்டுமே திறக்கிறது. மீதி வேலை முழுவதும் காற்றுடையது.

ரெயிலை நிறுத்துவதற்காக ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் என்ற அமெரிக்கர் 1869-ல் காப்புரிமை வாங்கிய வித்தை இது. பிறகு லாரிக்கும் பஸ்சுக்கும் வந்தது. நம் ஊருக்கும் இதில் பங்கு உண்டு. 1962-ல் தொடங்கப்பட்ட சுந்தரம் கிளேட்டன் கம்பெனி, இங்கிலாந்துக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து சென்னை பாடியில் ஏர் பிரேக் தயாரித்தது.

என்ஜின் ஓடும்போது கம்ப்ரசரும் ஓடும். காற்றை டேங்கில் அடைக்கும். அழுத்தம் வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். பொதுவாக 7, 8 கிலோ. பெடலை மிதித்தால் அந்தக் காற்று ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் உள்ள சேம்பருக்குள் பாய்கிறது. உள்ளே இருக்கும் ரப்பர் டயாபிரத்தைத் தள்ளுகிறது. டயாபிரம் ஒரு இரும்புத் தண்டைத் தள்ள, தண்டு கேமைத் திருப்ப, கேம் பிரேக் ஷூவை விரிக்க, லைனிங் போய் டிரம்மைக் கவ்வுகிறது.

பலம் எவ்வளவு தெரியுமா? 30-ம் நம்பர் சேம்பரில் டயாபிரத்தின் பரப்பு 30 சதுர இஞ்ச். சதுர இஞ்சுக்கு 100 பவுண்டு காற்று வந்தால் தண்டைத் தள்ளும் விசை 3 ஆயிரம் பவுண்டு. அதாவது 1,300 கிலோவுக்கு மேல்!

முள் சொல்லாத சேதி

வண்டியை எடுக்கும்போது டிரைவர் மீட்டரைப் பார்க்கிறார். முள் ஏறி நிற்கிறது. "காத்து புல்லா இருக்கு" என்று கியரைப் போடுகிறார்.

இங்கேதான் ஏமாற்றம். டேங்கில் காற்று இருக்கிறது என்பதை மட்டும்தான் முள் சொல்கிறது. சக்கரத்தில் பிரேக் பிடிக்குமா என்பது அதற்குத் தெரியாது.

காரில் பிரேக் தேய்ந்து தளர்ந்தால் பெடல் ஆழமாக இறங்கும். காலுக்கே தெரிந்துவிடும். ஏர் பிரேக்கில் அந்த எச்சரிக்கை கிடையாது. லைனிங் தேய்ந்தாலும் பெடல் அதே பெடல்தான். டவுனுக்குள் மெதுவாக மிதித்து நிறுத்தும்போது எல்லாம் ஒழுங்காகவே இருக்கும். திடீரென்று அழுத்தி மிதிக்கிற அன்றைக்குத்தான் குட்டு வெளிப்படும்.

காரணம் அந்தத் தண்டு. 30-ம் நம்பர் சேம்பரில் அது மொத்தம் இரண்டரை இஞ்ச்தான் வெளியே வர முடியும். லைனிங் தேயத்தேய, டிரம்மைத் தொடுவதற்கு அது இன்னும் தூரம் போக வேண்டும். 2 இஞ்சைத் தாண்டினால் பிரேக்கை டைட் வைத்தே ஆக வேண்டும். முழுவதும் வெளியே வந்து முட்டிவிட்டால் டேங்கில் எவ்வளவு காற்று இருந்தும் பயன் இல்லை.

தர்மபுரியில் இருந்து சேலம் நோக்கித் தொப்பூர் கணவாயில் இறங்கும் லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். மிதித்து மிதித்து டிரம் கொதிக்கிறது. சூட்டில் இரும்பு விரியும். டிரம்மும் விரிகிறது. ஷூவை விட்டு விலகுகிறது. மேட்டின் உச்சியில் சரியாக இருந்த தண்டு, பாதி இறக்கத்தில் எட்டாமல் போகிறது. லைனிங்கும் சூட்டில் பிடிப்பை இழக்கிறது. முள் மட்டும் அசையாமல் 7 கிலோ காட்டிக்கொண்டிருக்கும்.

டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். இன்னும் சில புத்திசாலிகள் சாவியையே அணைத்துவிடுகிறார்கள். என்ஜின் நின்றால் கம்ப்ரசரும் நிற்கும். மிதிக்க மிதிக்கக் காற்று குறையும், மறுபடி நிரம்பாது. மிச்சம் ஆகிற டீசல் அரை லிட்டரோ ஒரு லிட்டரோ!

சாக்பீஸ் போதும்

தண்டு எவ்வளவு வருகிறது என்று பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட வேண்டும். தண்டு சேம்பரை விட்டு வெளியே வருகிற இடத்தில் சாக்பீசால் கோடு போட வேண்டும். என்ஜினை நிறுத்திவிட்டு ஒருவர் பெடலை நன்றாக மிதிக்க, இன்னொருவர் கோடு எவ்வளவு நகர்ந்தது என்று ஸ்கேலில் அளக்க வேண்டும்.

"அண்ணே, மிதிங்க!"

"மிதிச்சாச்சு. எவ்ளோடா?"

"ரெண்டுக்கு மேல போவுதுண்ணே!"

முன்பெல்லாம் இது டிரைவரும் கிளீனரும் சேர்ந்து செய்கிற காலை வேலை. இப்போது பல லாரிகளில் கிளீனரே இல்லை. ஒற்றை ஆள் எப்படி மிதிப்பது, எப்படி அளப்பது? அதனால் அளப்பதே நின்றுபோகிறது. பக்கத்து வண்டி டிரைவரைக் கூப்பிட்டால் வராமலா போவார்?

டைட் வைப்பது ஸ்லாக் அட்ஜஸ்டர் போல்ட்டில். டிரம் ஆறிய பிறகுதான் வைக்க வேண்டும். சூட்டில் வைத்தால், ஆறிச் சுருங்கும்போது பிரேக் பிடித்துக்கொண்டே இருக்கும். போல்ட்டின் பூட்டை ஸ்பானரால் அழுத்தித் திருப்பினால் லைனிங் டிரம்மைத் தொட்டு நிற்கும். அங்கிருந்து கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று திருப்பித் தளர்த்த வேண்டும். எந்தப் பக்கம் திருப்புவது என்று சந்தேகம் வந்தால் கேமைப் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது சுழல்கிற திசையிலேயே சுழன்றால் சரி. புது வண்டிகளில் இது தானாகவே டைட் ஆகும் அட்ஜஸ்டர். அதைக் கையால் அடிக்கடி திருப்ப வேண்டி வந்தால் வேறு ஏதோ கெட்டிருக்கிறது என்று அர்த்தம்.

டேங்கில் குழம்பு!

காற்றை அடைத்தால் அதில் உள்ள ஈரம் தண்ணீராக இறங்கும். கம்ப்ரசரில் இருந்து கொஞ்சம் ஆயிலும் வரும். இரண்டும் சேர்ந்து டேங்கின் அடியில் காபி நிறத்தில் குழம்பாகத் தங்கும். டேங்க் துருப்பிடிக்கும், வால்வு சிக்கும். தண்ணீர் அடைத்த இடம் போக மீதியில்தான் காற்று. டிரையர் இல்லாத பழைய வண்டியில் தினமும் டேங்கின் அடியில் உள்ள குழாயைத் திறந்துவிட வேண்டும். ஆயில் அதிகமாக வந்தால் கம்ப்ரசரைக் கவனிக்க வேண்டும்.

அடுத்தது கசிவு. காற்று நிரம்பியதும் என்ஜினை நிறுத்தி, பெடலை ஒரு நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். அமெரிக்காவில் கனரக லைசென்ஸ் டெஸ்டிலேயே இது உண்டு. டிரெய்லர் இல்லாத லாரியில் நிமிஷத்துக்கு 3 பவுண்டுக்கு மேல் இறங்கக் கூடாது. மிதித்தால் மட்டும் "ஸ்ஸ்" கேட்டால் பெரும்பாலும் டயாபிரம் கிழிந்திருக்கும், அல்லது சேம்பருக்குப் போகும் ஓஸ் பைப். மிதிக்காமலே கேட்டால் டேங்க் பக்கம். சோப்புத் தண்ணீர் தடவினால் நுரை காட்டிக் கொடுத்துவிடும்.

பல லாரிகளில் ஊரை எழுப்புகிற ஏர் ஹாரனும் இதே காற்றைத்தான் குடிக்கிறது. ஹாரனுக்குத் தாராளமாகச் செலவு செய்கிற முதலாளி, டயாபிரம் மாற்றக் கணக்குப் பார்ப்பது வேடிக்கை.

8 வருஷம் தாண்டிய லாரிக்கு வருஷா வருஷம் எப்.சி. காட்ட வேண்டும். அதற்கு முதல் நாள் நாலு சக்கரத்துக்கும் டைட் வைத்து, லைனிங் மாற்றி, பெயிண்ட் அடித்துக் கொண்டுபோவார்கள். வண்டி பாஸ் ஆகும். லோடு அடித்து ஓடுகிற லாரியில் அந்த டைட் எத்தனை நாளைக்கு நிற்கும்?

ஸ்பிரிங் ஜாக்கிரதை!

மெக்கானிக்குகளுக்கு ஒரு வார்த்தை. பின் சக்கரத்தில் இரட்டை டப்பாவாக இருப்பது ஸ்பிரிங் பிரேக். காற்று தீர்ந்தால் தானாகவே பிடிப்பதற்காக, பின் டப்பாவுக்குள் ஒரு பெரிய ஸ்பிரிங்கை நெருக்கி அடைத்திருக்கிறார்கள். டேங்கில் காற்றே இல்லாவிட்டாலும் அதன் வேகம் குறையாது. அதன் கிளாம்பைக் கழற்றினால் மூடி குண்டு மாதிரி பறக்கும். உயிர் போன சம்பவங்கள் உண்டு. கழற்றும் முன்பு கூடவே வரும் நீள போல்ட்டைப் போட்டு ஸ்பிரிங்கை அடக்கிவிட வேண்டும். அப்போதும் ஸ்பிரிங் டப்பாவைப் பிரிக்காமல் அப்படியே எடுத்துவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும். பழையதைக் காயலான் கடைக்குப் போடும்போது உள்ளே ஸ்பிரிங் இருப்பதைச் சொல்லிப் போடுங்கள். அங்கே அதை உடைப்பவருக்கு அது தெரிந்திருக்காது.