தட்டின் மேல் பழி

அரக்கோணத்தில் எங்கள் தெருவில் டிவியில் ஏதாவது வரவில்லை என்றால் முதல் பழி மொட்டை மாடியில் இருக்கும் டிஷ் மேல்தான் விழும். எதிர்வீட்டு அக்கா ஒருநாள் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "தம்பி, ஃப்ரீ டிஷ்ல புதுசா நெறைய சேனல் விட்டிருக்காங்களாமே, எங்க வீட்ல மட்டும் வரல. டிஷ்ஷயே மாத்தணும்னு சொல்றாங்க. எவ்ளோ ஆவும்?"

மாடிக்குப் போய்ப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், விளிம்பெல்லாம் துரு, நடுவில் காக்கை எச்சம். பதினைந்து வருடத் தட்டு. உள்ளங்கையால் தடவிப் பார்த்தேன், எங்கும் நெளிசல் இல்லை. "இது இன்னும் பதினைந்து வருஷம் வரும்க்கா" என்றேன். அவர் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

தட்டில் பழசாவதற்கு என்ன இருக்கிறது? அது வெறும் தகரக் கிண்ணம். வானத்திலிருந்து வரும் அலைகளை வாங்கி, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் எல்.என்.பி. மேல் குவித்து விடுவதோடு அதன் வேலை முடிந்தது. மின்சாரமும் கிடையாது, சில்லும் கிடையாது. வரும் அலையின் நீளம் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர். அந்த அளவுக்கு முன்னால் துருவும் தூசியும் ஒரு பொருட்டல்ல. மட்டைப் பந்து பட்டு ஒரு பக்கம் குழிந்தால்தான் கெடுதல்.

ஃப்ரீ டிஷ் என்று நாம் சொல்லும் தூர்தர்ஷன் சேவை 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் 33 சேனல்களோடு தொடங்கியது. அப்போது அது கிழக்கு தீர்க்கரேகை 95 பாகையில் நின்ற என்.எஸ்.எஸ்-6 என்ற செயற்கைக்கோளிலிருந்து வந்தது. 2007-இல் இன்சாட்-4பி ஏவப்பட்ட பிறகு 93.5 பாகைக்கு இடம் மாறியது. இப்போது அதே இடத்தில் இருப்பது ஜிசாட்-15. 2015 நவம்பரில் பிரெஞ்சு கயானாவிலிருந்து ஏரியான் ராக்கெட்டில் போனது. எடை 3,164 கிலோ. ஆக இத்தனை வருடத்தில் தட்டு திரும்ப வேண்டியிருந்தது ஒன்றரைப் பாகை. அது எவ்வளவு என்றால், அறுபது சென்டிமீட்டர் தட்டின் விளிம்பை எட்டு மில்லிமீட்டர் நகர்த்துவது. ஒரு சுண்டுவிரல் கனம். ஆனால் அந்தச் சுண்டுவிரல் கனத்துக்கே வரும் சக்தியில் ஏறக்குறைய பாதி போய்விடும். போல்ட்டை இறுக்கும்போது தட்டு லேசாக அசைந்து சிக்னல் பறிபோவதும், மெக்கானிக் நம்மை முறைப்பதும் இதனால்தான்.

அப்படியானால் புதுச் சேனல் ஏன் வரவில்லை? அக்கா வீட்டில் குற்றவாளி கீழே, டிவிக்கு அடியில், பின்னல் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தது. செட்டாப் பாக்ஸ்.

படத்தை அப்படியே அனுப்பினால் ஒரு செயற்கைக்கோளில் நாலைந்து சேனலுக்கு மேல் இடம் இருக்காது. அதனால் சுருக்கி மடித்து அனுப்புகிறார்கள். முதலில் வந்த மடிப்பு முறை எம்பெக்-2. பிறகு வந்த எம்பெக்-4 அதே படத்தைப் பாதி இடத்தில் அடக்கிவிடும். திருப்பதிக்குப் போகிற பெட்டியில் அம்மா புடவை அடுக்குவதற்கும் நாம் அடுக்குவதற்கும் உள்ள வித்தியாசம்தான். ஆனால் எந்த முறையில் மடித்ததோ அதே முறையில் பிரிக்கத் தெரிய வேண்டும். ஃப்ரீ டிஷ்ஷில் இன்று இரண்டு மடிப்பும் கலந்தே வருகிறது. பழைய பெட்டி எம்பெக்-2-ஐ மட்டும் பிரிக்கும். மற்றது அதற்குப் புரியாத பாஷை. சில நேரம் பேச்சு கேட்கும், படம் கறுப்பாக நிற்கும். அலையில் ஏற்றி அனுப்பும் முறையே புதிது என்றால் அப்படி ஒரு சேனல் இருப்பதே பழைய பெட்டிக்குத் தெரியாது. ஆகவே மாற்ற வேண்டியது பெட்டியை. தட்டும் ஒயரும் இருந்த இடத்திலேயே இருக்கலாம்.

அடுத்த சந்தேக நபர் எல்.என்.பி. உள்ளங்கையில் அடங்கும் இந்தப் பிளாஸ்டிக் மூக்குதான் மாடியில் இருக்கும் ஒரே மின்னணுப் பொருள். ஜிசாட்-15-இல் ஃப்ரீ டிஷ் அலை ஒன்று 11,090 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. அவ்வளவு உயர்ந்த அதிர்வெண் ஒயரில் இறங்காது, பாதி வழியிலேயே செத்துவிடும். எல்.என்.பி. அதிலிருந்து 9,750-ஐக் கழித்து 1,340 ஆக்கிக் கீழே அனுப்புகிறது. பெட்டி கேட்கத் தெரிந்த எல்லை 950 முதல் 2,150 வரை. எனவே சரியாகப் போயிற்று. ஆனால் 10,600-ஐ மட்டும் கழிக்கிற எல்.என்.பி.யும் கடையில் உண்டு. அதை மாட்டினால் மிச்சம் 490. பெட்டி காதிலேயே விழாது. கட்டண டிடிஎச் ஒன்றிலிருந்து மாறி ஃப்ரீ டிஷ்ஷுக்கு வருகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இது. தட்டு, ஒயர், பெட்டி எல்லாம் சரியாக இருந்தும் ஒன்றும் வராது. வாங்கும்போது யுனிவர்சல் எல்.என்.பி. என்று கேட்டு வாங்கினால் இரண்டு கழித்தலும் அதற்குத் தெரியும். எதைக் கழிக்க வேண்டும் என்று பெட்டியே ஒயர் வழியாகச் சொல்லும். நெட்டு வாட்டத்தில் வரும் அலை வேண்டுமென்றால் 13 வோல்ட், கிடை வாட்டம் என்றால் 18 வோல்ட். அதோடு ஒரு மெல்லிய ரீங்காரம், 22 கிலோஹெர்ட்ஸ், இருந்தால் ஒரு கழித்தல், இல்லாவிட்டால் இன்னொன்று. படம் கீழே வரும் அதே ஒயரில்தான் இந்த உத்தரவும் மேலே போகிறது.

அந்த ஒயர் முனையைத்தான் நான் எப்போதும் முதலில் பார்ப்பேன். ஐப்பசி மழை முடிந்ததும் வரும் புகாரில் பெரும்பாலும் இதுவே காரணம். கனெக்டரைத் திருகிக் கழற்றினால் செம்புக் கம்பி பச்சையாகப் பூத்திருக்கும். இரண்டு அங்குலம் வெட்டிவிட்டு, மேல்தோலை உரித்து, பின்னல் கம்பிகளை ஒரு இழை விடாமல் பின்னால் மடித்து, நடுக்கம்பியைத் தனியாக நிறுத்தி மறுபடி மாட்ட வேண்டும். ஓர் இழை நடுக்கம்பியைத் தொட்டாலும் ஷார்ட். எல்.என்.பி.க்கு முன்னால் ஒயரை ஒரு தொங்கல் விட்டுக் கட்டினால் மழைத்தண்ணீர் அந்தத் தொங்கலில் சொட்டிப்போகும், மூக்குக்குள் ஏறாது. அக்கா வீட்டில் தொங்கல் இருந்தது. யாரோ நல்ல வேலைக்காரர் மாட்டியிருக்கிறார்.

தட்டைப் புதிதாக நிறுத்துகிறவர்களுக்கு ஒரு கணக்கு. அரக்கோணத்திலிருந்து 93.5 பாகைச் செயற்கைக்கோள் தென்கிழக்கில், அடிவானத்திலிருந்து 68 பாகை உயரத்தில், 36,190 கிலோமீட்டர் தூரத்தில் நிற்கிறது. கிட்டத்தட்ட உச்சி. அதனால் நம்மூரில் பக்கத்து வீட்டு மாடி மறைப்பது அபூர்வம், மேலே கவிந்திருக்கும் தென்னை ஓலைதான் பகை. மறைக்கிறதா என்று பார்க்கக் கருவி வேண்டாம். மார்ச் நடுவில் நாலைந்து நாள், காலை பதினொன்றே கால் வாக்கில், சூரியன் சரியாக அந்தச் செயற்கைக்கோளுக்குப் பின்னால் வந்து நிற்கும். அந்த நேரத்தில் தட்டின் மேல் ஓலை நிழல் விழுந்தால் அலையும் மறையும். செப்டம்பர் கடைசியில், பதினொரு மணிக்குச் சற்று முன்பு, இதே காட்சி இன்னொரு முறை. அந்தச் சில நிமிடம் படம் உடையும். சூரியனின் இரைச்சல் செயற்கைக்கோள் குரலை அமுக்கிவிடுவதுதான் காரணம், பெட்டியைத் தட்டிப் பயனில்லை. எல்.என்.பி.யின் முகத்தில் வெயில் ஒரு வெள்ளைப் பொட்டாகக் குவிந்து விழுவதையும் அப்போது பார்க்கலாம். தட்டுக்குப் பளபளப்பில்லாத பெயின்ட் அடிப்பது இதற்காகத்தான். பழைய தட்டு அழகாக இருக்கட்டும் என்று வெள்ளிப் பெயின்ட் பூசுகிறவர்கள் அந்தப் பொட்டை அடுப்பாக்கி எல்.என்.பி.யைப் பொசுக்கிவிடுவார்கள்.

இந்தியா தட்டு வைத்த கதை தொடங்கியபோது அவை மூன்று மீட்டர் அகலம். 1975 ஆகஸ்ட் முதல் ஓராண்டு, அமெரிக்காவின் ஏ.டி.எஸ்-6 வழியாக ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி காட்டினார்கள். நம் எல்லைக்கு அந்தப்பக்கம் இருக்கும் ஆந்திரமும் அதில் ஒன்று. கோழிக்கூண்டு வலையால் செய்த தட்டுகள் அவை. அலை நீளம் அதிகம், அதனால் வலையின் ஓட்டை வழியாக அது தப்பாது. செயற்கைக்கோள்கள் சத்தமாகப் பேசவும் அலை குறுகவும் ஆரம்பித்த பிறகுதான் தட்டு மாடிச் சுவரில் மாட்டும் அளவுக்குச் சுருங்கியது.

பக்கத்துச் செயற்கைக்கோளும் வேண்டும் என்கிற பேராசைக்காரர்கள் அதே தட்டில் இன்னொரு எல்.என்.பி.யை ஒட்டி வைத்து, டைசெக் சுவிட்ச் போட்டு, ஒரே ஒயரில் இரண்டையும் இறக்குவார்கள். கண்ணாடி போல இடவலம் மாறும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கிழக்கே இருக்கும் செயற்கைக்கோளுக்கான எல்.என்.பி. மேற்குப் பக்கம் போக வேண்டும்.

அக்காவுக்கு அவ்வளவு தேவைப்படவில்லை. எம்பெக்-4 பெட்டி வாங்கி வந்தார், பழைய ஒயரை அப்படியே செருகி ஸ்கேன் போட்டேன். பட்டியல் ஓடி நின்றது. "தெலுங்கு வருதா?" என்றார். அவர் பிறந்த ஊர் ஆந்திரத்து நகரி. தூர்தர்ஷனின் தெலுங்குச் சேனல் சப்தகிரி வந்திருந்தது. "இது இல்ல தம்பி, எங்க அக்கா வீட்ல பாக்கற அந்த சீரியல்." அது கட்டணச் சேனல், பூட்டியது, எந்தத் தட்டு வைத்தாலும் திறக்காது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் சப்தகிரியையே பார்த்தார். பிறகு, "அப்ப அந்தத் தட்ட கொஞ்சம் தள்ளி வெச்சிக் குடுத்துடு, வத்தல் காயப் போட எடமில்ல" என்றார். எட்டு மில்லிமீட்டர் கதையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தேன்.