உங்களுக்குத் தெரியுமா? படத்துக்கு முந்திய புத்தகம்

திரைப்படத்தை ஒட்டி எழுதப்படும் கதைநூல் படம் வந்த பிறகே கடைக்கு வரும் என்பது பொது எண்ணமாயினும், 1977 மே மாதம் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தின் நாவல், 1976 நவம்பரிலேயே ஜார்ஜ் லூக்கஸ் பெயரில் அச்சேறியது. அதை உண்மையில் எழுதியவர் ஆலன் டீன் ஃபாஸ்டர்.

• தமிழிலும் இதற்கு இணையுண்டு: கமல்ஹாசன் நடித்த ‘விக்ரம்’ (1986) படத்துக்குக் கதை எழுதிய சுஜாதா, அதையே குமுதத்தில் தொடர்கதையாகவும் எழுதினார்.

• சலாமியா என்னும் கற்பனை நாட்டுக்குக் கற்பனை மொழியும் படத்தில் உண்டு. அரசராக வரும் அம்ஜத் கான் பேசுவதைத் தமிழாக்கும் பொறுப்பு ஜனகராஜுக்கு வாய்த்தது என்பதால், அரச சபையில் கம்பீரத்தைவிடச் சிரிப்பே மிகுதி.

• கதையில் களவுபோகும் ஏவுகணையின் பெயர் ‘அக்னிபுத்ரா’. இந்தியாவின் உண்மையான ‘அக்னி’ முதன்முதலில் பறந்தது 1989 மே 22 அன்றுதான். ஆயினும் அதற்கு வித்திட்ட திட்டம் 1983இலேயே தொடங்கிவிட்டதால், சுஜாதாவைத் தீர்க்கதரிசி ஆக்கும் ரசிகர்கள் சற்றே அடக்கி வாசிக்கலாம்.